அறுபத்தொன்றாவது புத்தகத்தில் இறங்கியவளுக்கு

குன்சான்
நவம்பர் 23, ஞாயிறு காலை

அன்பு மகள் ஹான்சொல் பார்க்க, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் போலந்தில் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் பதினேழு நாளாக அந்த நினைப்பு என் சொல்பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. போனில் நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில், நீ இன்னும் பார்க்கவில்லை என்று காட்டுகிற அந்தக் குட்டி மஞ்சள் எண் ஒன்று அப்படியே நிற்கிறது. ஒன்பது செய்தி, ஒன்பது ஒன்று. அம்மாவுக்கு மட்டும் போன வாரம் சனிக்கிழமை, வேலை அதிகம்மா, அப்புறம் பேசறேன் என்று ஒரு வரி போட்டாய். அதில் என்னைப் பற்றி ஏதாவது உண்டா என்று அம்மாவைக் கேட்டேன். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் உங்க பேரு அதுல இல்லைங்க என்றாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் எழுதினால் நீ திறக்காமலே விடலாம், அம்மா கட்டுகிற பார்சலுக்குள் மிளகாய்ப் பொடிக்கும் கருவாட்டுக்கும் நடுவில் இருப்பதை எப்படியும் கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும்.

நேற்று குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்தோம். போன வருஷம் நாற்பது முட்டைக்கோஸ், இந்த வருஷம் இருபத்தைந்து போதும் என்று நான் சொன்னேன், அம்மா முப்பத்தைந்து வாங்கி வந்துவிட்டாள். முழங்காலில் ஊசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, கீழே குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நாள் முழுவதும் குந்தித்தான் உட்கார்ந்திருந்தாள், நான் ஸ்டூல் கொண்டுபோய் வைத்தால் அதன் மேல் உப்புத் தட்டை வைத்துக்கொண்டாள். இக்சானிலிருந்து உன் அத்தை ஒத்தாசைக்கு வந்திருந்தாள். ஹான்சொல் எப்படி இருக்கா என்று அவள் கேட்டதும் அம்மா நல்லா இருக்கா என்றாள், நான் வேலை அதிகமாம் என்றேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் அத்தை கையுறையோடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் உப்பு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், அதுதான் எனக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. பார்சலில் கிம்ச்சியும் வைக்கிறேன் என்று அம்மா நான்கு உறை போட்டுக் கட்டினாள், வழியில் வெடித்து ஊரே நாறும் என்று சொல்லி எடுத்து வெளியே வைத்துவிட்டேன், அதற்கும் என் மேல் கோபமாக இருக்கிறாள்.

அந்த ஆறாம் தேதி விஷயத்தை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் கம்பெனிக் குடியிருப்பு மேலாளர் ஓக் உன்னிடம் எந்த மாதிரி சொன்னாரோ எனக்குத் தெரியாது. அன்று மதியம் இரண்டு பத்துக்குத் துறைமுகத்துக் கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, இருபத்திரண்டு நிமிஷ ஓய்வில், மெஷினில் ஒரு காப்பி பிடித்துக்கொண்டு போனைத் திறந்தேன். ஜன்னல் சீட் என்று நீ பெயர் வைத்திருக்கிற ப்ளாக்கில் புதிதாக ஒன்று வந்திருந்தது. எப்போதும் நீ முடித்த புத்தகத்தை அந்த ஊர் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போடுவாய். அன்றைக்குப் பாலம் இருந்தது, கைப்பிடிச் சுவர் இருந்தது, புத்தகத்தைக் காணவில்லை. கீழே, அறுபத்தொன்று, இதுக்கு மேல முடியலை, இங்கேயே இறங்கிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான் இருந்தது. இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் ஹான்சொல். இறங்குகிறவர்கள் பின்கதவுப் பெட்டியில் பயண அட்டையை ஒற்றும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பெண்குரல் இறங்குகிறீர்கள் என்று சொல்லும், ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை கேட்கிறேன், சொல்லி முடித்ததும் அந்த ஆள் வண்டியில் இருக்க மாட்டார். காப்பியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

உனக்குப் பதினான்கு தடவை போன் அடித்தேன். அங்கே காலை ஆறு பத்து, தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும்போது வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை நீ சொல்லியிருக்கிறாய், அந்த நிமிஷத்தில் மூளையில் ஒன்றுகூட நிற்கவில்லை. அம்மாவுக்கு அடித்து, பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிற காகிதத்திலிருந்து ஓக்கின் நம்பரைப் படிக்கச் சொன்னேன். அவரிடம் என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை, அழுதேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாற்பது நிமிஷம் கழித்து அவர் கூப்பிட்டார். ஐயா, உங்க பொண்ணு கல்லு மாதிரி நிக்குது இங்க, இறங்கிக்கிறேன்னா கதை பிடிக்காம புத்தகத்தைப் பாதியில விட்டுட்டேன்னு அர்த்தமாம், கதை படிக்கற பசங்க பாஷையாம், அது கம்ப்யூட்டர்ல படிக்கற புத்தகமாம், அதான் படத்துல இல்லையாம், நான் சாவி போட்டு உங்க பொண்ணு ரூமைத் திறந்து பாத்ரூம் வரைக்கும் தேடிட்டு வந்தேன் என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு கடைசி ஸ்டாப் நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வண்டி அன்று முப்பத்து மூன்று நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது, டெப்போவில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. ஓக் உன்னைத் தேடிக்கொண்டு நேரே கூட்டம் நடக்கிற அறைக்குள் போயிருக்கிறார். இந்தப் பக்கம் போலந்துக்காரர்கள் ஐந்து பேர், அந்தப் பக்கம் நம் கொரிய ஆட்கள், நடுவில் மொழிபெயர்க்க நீ. எல்லார் முன்னாலும், உங்கப்பா போன்ல அழுறாரு, நீ ஆத்துல விழுந்துட்டியான்னு கேக்கறாரு என்று சொல்லியிருக்கிறார். அந்த ஐந்து பேரும் என்ன சொல்கிறார் என்று உன்னையே கேட்க, அதையும் நீயேதான் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டியிருந்ததாம். இதை ஓக் சிரித்துக்கொண்டு சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் உன் ப்ளாக் பெயர் ஆபீஸ் முழுக்கப் பரவி, உங்கள் தலைவர், இருபத்தேழு வயசுல இஸ்கூல் பிள்ளைங்க கதையா படிக்கிற என்று கேட்டதாகவும் அவரே சொன்னார். என் மகளின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மன்னித்துவிடு ஹான்சொல். பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம், பயம் என்னுடையது, அவமானம் உன்னுடையதாகப் போயிற்று.

ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியது அதற்கு மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை ஒரு வாரம் முன்பே எழுதியிருப்பேன். அன்றைக்கு நீ கேட்டாய், அப்பா, என் ப்ளாக் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. எங்கள் டெப்போ டிரைவர் பே-யின் மகள் அன்றைக்குத்தான் தற்செயலாகக் காட்டினாள் என்று பதில் போட்டேன். பொய். பே-யின் மகளுக்கு ப்ளாக்கும் தெரியாது, உன்னையும் தெரியாது. நீ போலந்துக்குக் கிளம்பும்போது உன் பழைய டேப்லெட்டை எனக்கு விட்டுப் போனாயே, அதில் ஜன்னல் சீட் திறந்தபடியே இருந்தது. மூடிவிட்டேன், சத்தியமாக உன் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டேன், ஆனால் பெயர் மனசில் நின்றுவிட்டது. மறு வாரமே நானாக ஒரு கணக்குத் தொடங்கினேன். என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், உட்கார்ந்திருந்த இடத்தின் பெயரையே வைத்தேன். கடைசி ஸ்டாப். ஆமாம் ஹான்சொல், மூன்று வருஷமாக உன் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் ஆளாக இதயக் குறியை அழுத்துகிற, உனக்கு கமெண்ட் போடுகிற, அந்தக் கடைசி ஸ்டாப் நான்தான்.

இதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய், பரவாயில்லை, அப்புறம் எடுத்துக்கொள். முதலில் நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன். நீ என்னடா என்றால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாய், வருஷத்துக்கு நூறு இளையோர் நாவல் என்று சவால் வைத்துக்கொண்டு, நீல அட்டை பத்து, முதல் புத்தகம் எழுதுகிறவர்கள் பத்து, ஒரே மூச்சில் படித்தது ஐந்து, பதினைந்து வயதில் கிடைத்திருக்க வேண்டியது ஐந்து என்று பட்டியல் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் புரியாமல் இதயம் மட்டும் அழுத்திக்கொண்டிருப்பது கூச்சமாக இருந்தது, நகர நூலகத்தில் போய் ஒன்றை எடுத்தேன். நூலக அம்மாள் பேத்திக்கா என்று கேட்டார், ஆமாம் என்றேன், இல்லாத பேத்திக்கு இதுவரை அறுபது எழுபது புத்தகம் எடுத்தாகிவிட்டது, அடுத்த வகுப்புக்குப் போய்ட்டாளா என்று விசாரிக்கிறார். ஓய்வறையில் பே என் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, என்னய்யா, மறுபடியும் பத்தாங்கிளாஸ் எழுதப் போறியா, பிட்டு வேணும்னா சொல்லு என்று கேட்டான். செத்துப்போன அக்காவின் சீருடையைப் போட்டுக்கொண்டு அக்காவின் பள்ளிக்கே போகிற பெண்ணின் கதையைப் படித்தபோது, அதே பே, ஏன்யா கண்ணு சிவந்திருக்கு என்றான், டீசல் புகை என்றேன், நாங்கள் ஓட்டுவது இரண்டு வருஷமாக மின்சார வண்டி.

உனக்கு ஞாபகம் இருக்கும், வீட்டை விட்டு ஓடிப்போன பெண் பஸ்சில் தூங்கிப்போய் கடைசி ஸ்டாப்பில் விடியும்வரை கிடக்கிற கதை. இதை எழுதியவருக்கு பஸ் தெரியாது, எந்த டிரைவரும் பின் சீட்டைப் பார்க்காமல் விளக்கை அணைக்க மாட்டார் என்று கமெண்ட் போட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதி, எங்க அப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று போட்டாய். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்னொரு தடவை, நீங்க ஸ்கூல் டீச்சரா என்று கேட்டாய். இல்லை, ஆனால் காலையும் மாலையும் நிறைய பள்ளிப் பிள்ளைகள் என் பொறுப்பில் இருப்பார்கள் என்றேன். அது பொய்யில்லை பார். அப்படியே சொல்லியிருக்கலாம், நான் உன் அப்பா என்று ஒரு வரி, மூன்று வருஷத்தில் நூறு சந்தர்ப்பம் வந்தது. சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயம். ஏன் அந்த பயம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நம் வீட்டில் ஒன்பது வருஷமாக யாரும் அதைப் பேசியதில்லை.

நீ மேல்நிலை கடைசி வருஷம் படிக்கும்போது உன் கட்டிலுக்கு அடியில் இருந்த இருபத்துமூன்று புத்தகத்தையும் கயிறு போட்டுக் கட்டி, பழைய பேப்பர் எடுக்கிற நாளில் கீழே கொண்டுபோய் வைத்தேன். பரீட்சைக்கு இன்னும் ஏழு மாசம், கதை படித்தால் பல்கலைக்கழகத்தில் சீட்டு தருவார்களா என்று கேட்டேன். நீ அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அன்றைக்கு எப்போதும்போல சாப்பிட்டாய், தட்டைக் கழுவி வைத்தாய், பரீட்சையும் நன்றாகத்தான் எழுதினாய், அதற்கப்புறம் என்ன படிக்கிறாய் என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பதினைந்து வயதில் கிடைத்திருக்க வேண்டியது என்ற உன் பட்டியலில் போன வருஷம் நான்காவதாக இருந்ததை நூலகத்தில் எடுத்தபோது, அட்டையில் இருந்த மஞ்சள் குடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கட்டிய புத்தகக் கட்டின் மேலே இருந்தது அதுதான். அந்தக் கயிற்றின் முடிச்சுகூட ஞாபகம் வந்தது. அது கிடைத்திருக்க வேண்டியது அல்ல, கிடைத்ததை நான் பிடுங்கினேன், அதை நீ ப்ளாக்கில்கூட அப்படி எழுதவில்லை. அன்றைக்கே போன் போட்டிருக்க வேண்டும். போட்டேன், நீ எடுத்தாய், அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஆகஸ்டைச் சொல்ல வேண்டும், இதை எழுதத்தான் கை வரவில்லை. ஒரு தடத்தில் வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனால் வழியில் ஏதோ ஆகியிருக்கிறது என்று டெப்போவில் உட்கார்ந்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த வருஷம் உன் பதிவுகள் ஏப்ரல்வரை மாசத்துக்கு எட்டு ஒன்பது, மே மாசம் ஏழு, ஜூலையில் மூன்று. என்ன, இந்த மாசம் மூன்றுதானா என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கமெண்ட் போட்டேன். அதற்கு ஆகஸ்டில் நீ யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் பதில் எழுதினாய். படிக்கவே பிடிக்கலை, எண்ணிக்கை ஏறணும்னு மட்டும் படிக்கிறேன், நாள் பூரா ரெண்டு பக்கத்துக்காரங்க பேச்சையும் மாத்தி மாத்தி சொல்லி முடிச்சு வீட்டுக்கு வந்தா, எனக்குன்னு ஒரு பேச்சு மிச்சம் இல்லை, அந்தக் கதைகள்ல பதினாறு வயசுப் பொண்ணு யாராவது கத்தினாத்தான் எனக்குத் தொண்டை இருக்கறதே தெரியுது, இப்ப அதுவும் கேக்கலை, இதை வீட்டுல சொன்னா பயந்துடுவாங்க என்று எழுதியிருந்தாய். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல எங்களுக்கு போன் போட்டு, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், எல்லாரும் நல்லவங்க என்றாய். இரண்டையும் கேட்டவன் நான் ஒருவன்தான். உன்னிடம், தூக்கம் வருதா, பழம் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். அந்தக் கடைசி ஸ்டாப் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது ஹான்சொல், சிரிக்காதே, என்னைவிட அவனிடம் என் மகள் நெருக்கமாக இருக்கிறாள் என்று நிஜமாகவே வயிறு எரிந்தது. அவனாக அன்றைக்கு நான் எழுதிய பதிலும் உருப்படியில்லை, நூறு ஆகாவிட்டால் யாரும் அபராதம் போட மாட்டார்கள், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று என்னமோ எழுதினேன். அந்த ஆகஸ்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு நவம்பரில் அந்தப் பாலத்தைப் பார்த்தவன், ஓக்குக்கு போன் போடாமல் எப்படி இருப்பான் சொல்.

உன் பட்டியலில் அடுத்ததாக இருந்த பெயரைப் பார்த்து, அறுபத்தொன்றாவதை நானும் தேடி எடுத்துப் படித்தேன். உன்னைப் பாதியில் விட வைத்தது என்ன, உள்ளே ஏதாவது விஷயம் இருக்கிறதோ என்று பயந்து பயந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கரடியாக மாறுகிற பையனின் கதையாம், தொண்ணூறு பக்கம் வரைக்கும் மழைதான் பெய்கிறது, அவன் இன்னும் மாறியபாடில்லை. நானும் தொண்ணூற்றிரண்டில் இறங்கிவிட்டேன். இருநூற்று அறுபது புத்தகத்தில் ஒன்றைக்கூடப் பாதியில் விடாதவள் இதற்காவது விட்டாயே, அதில் தப்பே இல்லை, நானாக இருந்தால் முன்பே மணி அடித்திருப்பேன். உங்கள் தலைவர் சொன்னதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. போன வாரம் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை நாளில் என் வண்டி நிறையப் பிள்ளைகள், ஒருவரும் மூச்சு விடவில்லை. முன்பெல்லாம் இவர்கள் என் கண்ணாடியில் முதுகுப்பைகளாகத்தான் தெரிவார்கள், பையைக் கழட்டி முன்னால் போடு என்று கத்துவேன். இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், நீ படித்த புத்தகங்களால்தான். அந்த மனுஷனுக்கும் ஒன்று வாங்கிக் கொடு, படிக்கட்டும்.

இனி கடைசி விஷயம், இதற்காகத்தான் இத்தனையும். ஏழாம் தேதி நீ ப்ளாக்கைப் பூட்டிவிட்டாய், அக்கம்பக்கத்தார் என்று நீ சேர்த்துக்கொண்ட பதினோரு பேருக்கு மட்டும் திறந்து வைத்து, இந்தப் பதினோரு பேரை மட்டும் நம்புகிறேன் என்று எழுதினாய். அந்தப் பதினோரு பேரில் ஒருவன் நான். ஊரை வெளியே வைத்துப் பூட்டியதற்குக் காரணமானவன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் ஒன்றும் எழுதாமல் இருந்தாய், புதன்கிழமை ஒன்று வந்தது. புத்தகம் இல்லை, எண் இல்லை, தலைப்பு, அப்பா. பதிவைத் திறக்காமலே பட்டியலில் முதல் இரண்டு வரி தெரியுமே, அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான் படிக்கிறது எதுவும் எங்கப்பாவுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா, என்பதோடு நின்று, மூன்று புள்ளி. அதற்கு மேல் பார்க்க வேண்டுமானால் தொட வேண்டும். நான்கு நாளாகத் தொடவில்லை. இரண்டு தடவை விரல் போனது, போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். கையில் இருந்த பூண்டை உரித்து முடித்துவிட்டு, உங்களுக்கு வாயைத் திறக்கவும் தெரியலை, கண்ணை மூடவும் தெரியலை, முதல்ல அவளுக்கு எழுதுங்க, அப்புறம் அவ என்ன சொல்றாளோ அது என்றாள்.

அதனால் இதை உன் கையில் விடுகிறேன். அந்தப் பதினோரு பேரிலிருந்து கடைசி ஸ்டாப்பை எடுத்துவிடுவதானால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிடு, ஏன் என்று கேட்க மாட்டேன், வேறு பெயரில் வரவும் மாட்டேன். எடுத்துவிட்டால் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேறு வழி இல்லை, ஞாயிற்றுக்கிழமை நல்லா இருக்கேன் என்று நீ சொல்வதை மட்டும்தான் நம்ப வேண்டும், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வைத்துக்கொள்வதானால் அது உன் அப்பா என்று தெரிந்தே வைத்துக்கொள். நூறு வேண்டுமென்றால் படி, வேண்டாமென்றால் விடு, ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று தோன்றினால் வந்துவிடு, யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம், அத்தை கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மிளகாய்ப் பொடியை வந்ததும் பிரிஜ்ஜில் வை, வெளியே வைத்தால் பூச்சி விழும். உள்ளே போடுகிற கம்பளிச் சட்டை இரண்டு இருக்கிறது, பெரிதாக இருந்தாலும் போட்டுக்கொள், பார்க்க யார் இருக்கிறார்கள். படுத்துக்கொண்டு படிக்காதே, கண் போய்விடும், நானும் படுத்துக்கொண்டுதான் படிக்கிறேன், இப்போது கண்ணாடி மாற்றியிருக்கிறேன். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி முடியட்டும், நோய்நொடி அண்டாமல், உன் பேச்சு உனக்கே திரும்பக் கிடைத்து, நிம்மதியாக இரு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் செய். அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா என்று ஆரம்பித்தாயே, அதன் மிச்சத்தை நீயே எனக்குச் சொல், திட்டாக இருந்தாலும் சரி. நீ படிக்கிறது இப்போது எனக்குத் தெரியும்.

உன்னைப் பெற்ற அப்பா,
மா தொக்-சூ